பொத்தான் பேட்டரியும் நூறு பேர் நகலும்

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலை. கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மூன்றேகால் ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை போகிறது என்று பார்க்க வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். விலை வரவில்லை. திரையில் சிவப்பாக ஒரு முக்கோணம் வந்தது. உங்கள் இணைப்பு தனிப்பட்டதாக இல்லை, உங்கள் பாஸ்வேர்டையும் கார்டு நம்பரையும் யாராவது திருடப் பார்க்கலாம் என்று அதன் கீழே இங்கிலீஷில் நாலு வரி. பாங்க் தளத்தைத் தட்டினார், அங்கேயும் அதே முக்கோணம். வேறு இரண்டு தளங்களைப் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

"எவனோ உள்ள பூந்துட்டானாட்ட இருக்குது" என்றார், சமையல்கட்டுப் பக்கம் திரும்பி.

உண்மையில் யாரும் உள்ளே நுழையவில்லை. அந்த நிமிடம் வரை கம்ப்யூட்டரில் கெட்டிருந்தது ஒரே ஒரு பொருள்தான். மதர்போர்டில் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் பொத்தான் பேட்டரி. சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையிலேயே கிடைக்கும். கரண்டு இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். இவர் வீட்டில் இடிமின்னலுக்குப் பயந்து தினமும் ராத்திரி சுவிட்சை அணைத்துவிடுவார்கள். பதினோரு வருடம் உழைத்த பேட்டரி அன்றைக்குக் கண்ணை மூடிவிட்டது. கம்ப்யூட்டர் எழுந்து பார்த்தபோது அதன் கணக்கில் தேதி 2014 ஜனவரி 1.

இணையதளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2014-ல் உட்கார்ந்துகொண்டு 2025-ல் கொடுத்த சான்றிதழைப் பார்த்தால் கம்ப்யூட்டர் எப்படி ஒப்புக்கொள்ளும்? பிறக்காத பிள்ளைக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போனால் தாலுகா ஆபீஸில் என்ன சொல்வார்களோ, அதைத்தான் அதுவும் சொன்னது. சிவப்பு முக்கோணத்துக்கு அடியில், பொடி எழுத்தில், 'டேட்' என்ற சொல்கூட இருந்தது. திரையின் வலது மூலையில் தப்பான தேதியும் இருந்தது. பயந்தவன் கண்ணுக்கு மூலையில் இருப்பது தெரியாது.

இவர் பயந்ததற்குக் காரணம் பாங்கில் இருந்த பணம் மட்டுமல்ல. ஊர் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு இவர்தான் பொருளாளர். 2017-18-ல் தமிழக அரசு கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்தபோது இருபது சிறு, குறு விவசாயிகளைச் சேர்த்து ஓர் உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து குழுக்களைச் சேர்த்து நூறு பேர் கொண்ட ஓர் உற்பத்தியாளர் குழு என்று அமைத்தார்கள். குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. இந்த ஊர்க் குழு அதில் ரோட்டவேட்டரும் பவர் வீடரும் வாங்கி வாடகைக்கு விட்டு, வாடகைக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் வைத்திருக்கிறது. கணக்கு சுத்தமாக இருப்பதற்குப் பொருளாளரும் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரும்தான் காரணம். மகள் இன்ஜினீயரிங் சேர்ந்த வருடம் வாங்கிய பெட்டி அது. மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். பெட்டி இங்கேயே தங்கிவிட்டது.

அந்தப் பெட்டியில் 'குழு 100' என்று ஒரு ஃபோல்டர். நூறு பேரின் ஆதார், பாங்க் பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா, விண்ணப்பப் படிவம் எல்லாம் ஸ்கேன் செய்து ஆள் பேர் போட்டு அடுக்கியிருந்தார். கையெழுத்து போடத் தெரியாத பதின்மூன்று பேர் படிவத்தில் கைநாட்டு வைத்திருந்தார்கள். அதுவும் ஸ்கேனில் இருந்தது. ஒவ்வொரு மானியத்துக்கும் ஒவ்வொரு முறையும் நகல் கேட்டு வீடு வீடாக அலைய வேண்டாமே என்று செய்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான்.

பொருளாளர் செல்போனை எடுத்து, கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கோளாறு, உதவி எண் என்ற மாதிரி தட்டினார். முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டார். தேடும்போது முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அதன் ஓரத்தில் விளம்பரம் என்று சின்னதாகப் போட்டும் இருக்கும். கம்பெனிகளின் பேரில் போலி உதவி எண்களை இப்படி மேலே ஏற்றிவைப்பது பழைய தந்திரம். பாங்குக்கோ, கேஸ் கம்பெனிக்கோ, உரக் கம்பெனிக்கோ நம்பர் வேண்டுமானால் பாஸ்புக்கிலும் பில்லிலும் மூட்டையிலும் அச்சடித்திருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எடுத்தவன் மரியாதையாகப் பேசினான். தமிழ் கொஞ்சம் திக்கினாலும் 'சார்' குறையவில்லை. முதல் காரியமாக, வலது மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று கேட்டான். 2014 என்றதும், அதை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தான். தேதியை மாற்றியதும் முக்கோணம் போய்விட்டது. மஞ்சள் விலை வந்துவிட்டது.

இதில்தான் பொருளாளர் விழுந்தார். இருந்த கோளாறை அவன் ஒரே நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். அதோடு நன்றி சொல்லிப் போனை வைத்திருந்தால், ஓசியில் ஒரு ரிப்பேர் முடிந்திருக்கும். ஆனால் சரியாகச் செய்துகாட்டியவனிடம் அடுத்த பேச்சைக் கேட்காமல் எப்படி வைப்பது?

"சார், இது மேலோட்டமான சரிசெய்தல்தான். உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன்" என்றான். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொன்னான். அந்தச் செயலி கெட்டது அல்ல. கம்பெனிகளில் தினமும் பயன்படுத்துகிறார்கள். பொருளாளரின் மகள்கூட ஒருமுறை இதே மாதிரி ஒன்றை வைத்துக் கோயம்புத்தூரிலிருந்தே பிரின்டரைச் சரிசெய்து கொடுத்திருக்கிறாள். அந்த நினைவும் சேர்ந்துகொண்டது. திரையில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னார். மவுஸ் அம்பு தானாக நகரத் தொடங்கியது.

அவன் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைக் குறிகள். எல்லாம் வைரஸ் என்றான். அது விண்டோஸ் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. 'ஈவன்ட் வியூவர்' என்று பேர். நேற்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அதில் இப்படிச் சில சிவப்புக் குறிகள் இருக்கத்தான் செய்யும். மூன்று வருடப் பாதுகாப்புக்கு 4,999 ரூபாய் என்றான். பொருளாளர் யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்க, மவுஸ் அம்பு சும்மா இருக்கவில்லை. முகப்பில் இருந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. 'குழு 100' விரிந்தது. ஆதார் அட்டைகள் சின்னச் சின்னப் படங்களாகத் திரை நிறைய நின்றன.

"ஏனுங்க, அவன் எந்தூரு, யாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று மனைவி பின்னாலிருந்து கேட்ட அதே நேரம் கரண்டு போய்விட்டது. எங்கோ தென்னை மட்டை கம்பியில் விழுந்திருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி போய் ஒரு வருடம் ஆகிறது, மாற்றவில்லை. கம்ப்யூட்டரும் மோடமும் சேர்ந்து அணைந்தன. கரண்டு போனதற்கு அந்த வீட்டில் இதற்கு முன்னால் யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

போனில் அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். ஏழாவது தடவை அந்த அம்மாவே எடுத்து, "கரண்டு வந்தா நாங்களே கூப்படறோம், வெய்யி சாமி" என்று சொல்லி அணைத்துவிட்டார்.

சாயங்காலம், குழுவின் பவர் வீடரை ஓட்டும் பையன் வாடகைப் பணம் கொடுக்க வந்தான். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்துவிட்டு, திருப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்து, பிடிக்காமல் ஊருக்கு வந்து மாடு வைத்திருப்பவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் செய்த முதல் வேலை, மோடத்திலிருந்து வரும் வயரைப் பிடுங்கியது. அப்புறம்தான் கம்ப்யூட்டரைப் போட்டான். இந்த வரிசை முக்கியம். இணையம் இல்லாத கம்ப்யூட்டருக்குள் யாரும் தூரத்திலிருந்து வரமுடியாது. செயலியை எடுத்தான். கூடவே வேறு ஏதாவது ஏற்றிவிட்டுப் போயிருக்கிறானா என்று, அன்றைய தேதியில் சேர்ந்த புரோகிராம்களைப் பார்த்தான். பாங்க், இமெயில் பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாமல், தன் போனில் மாற்றச் சொன்னான். தொட்ட இடத்திலேயே புதுச் சாவி செய்யக் கூடாது இல்லையா.

செயலி எழுதிவைத்திருந்த பதிவில் இணைப்பு 23 நிமிடம் நீடித்ததாக இருந்தது. ஃபைல் எதுவும் அந்தப் பக்கம் போன தடம் இல்லை.

"அப்ப ஒன்னும் போகுலீங்களா?"

"ஃபைலாப் போகுலீங் மாமா. ஆனா திரையில விரிஞ்சத அவன் படம் புடிச்சிருந்தான்னா, அதுக்கு இங்க தடம் இருக்காதுங்."

பையன் கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "காசும் போகுல. இதெல்லாம் வெளிய சொல்லோணும்னு ஒன்னுமில்லீங்."

பொருளாளர் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அதுவரை யாராவது அந்தரங்கம், தனியுரிமை என்று பேசினால், "என்றகிட்ட மறைக்க என்ன இருக்குது? மூணேகால் ஏக்கரும் நாலு மாடும்" என்று சிரிப்பவர் அவர். அந்தப் பேச்சில் தப்பில்லை, அவரைப் பொறுத்தவரை. அவருடைய நிலம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். பட்டா விவரத்தை அரசு தளத்தில் சர்வே நம்பர் போட்டுப் பார்க்கும் வசதியே இருக்கிறது. நிலம் யார் பேரில் என்பது நாலு பேருக்குத் தெரிந்தால்தான் ஏமாற்றி விற்கமுடியாது. அது வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் ஆதார் எண், பாங்க் பேர், கைநாட்டு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது வேறு விஷயம்.

ஊரில் பாங்க் முகவர் ஒரு சின்னக் கருவியில் விரலை வைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறாரே, அந்த முறைக்கு ஆதார் எண்ணும் பாங்க் பேரும் விரல் ரேகையும் போதும். ஓ.டி.பி. கேட்காது. வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. அதே வழியில் போலி ரேகை செய்து பணம் எடுத்த வழக்குகளும் நாட்டில் நடந்திருக்கின்றன. 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்ற ஒருவர், நிலப் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை எடுத்து ரப்பரில் அச்சு செய்து, அவற்றை வைத்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்ததாகப் பிடிபட்டார். காகிதத்தில் வைத்த ரேகை காகிதத்தோடு போய்விடும் என்று நினைத்த காலம் அத்தோடு முடிந்தது.

பொருளாளரின் ஃபோல்டரில் பதின்மூன்று பேர் அப்படி இருந்தார்கள். அதில் ஒன்பது பேர் பெண்கள்.

"என்ற காசு போயிருந்தா நான் பேசாமத்தான் இருந்திருப்பேன். இது என்றது இல்லையே" என்று மறுநாள் காலை மனைவியிடம் சொல்லிவிட்டு, குழுத் தலைவர் வீட்டுக்குப் போனார். மாதக் கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அவசரக் கூட்டம் போடச் சொன்னார். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பையனை வைத்து, பேசிய நம்பரையும் நேரத்தையும் போட்டுப் புகாரும் பதிந்தார். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க ஒரு வழி உண்டு. எவ்வளவுக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டுக்கொண்டு ரெண்டு நாள் கழித்துப் போனால் கிடைப்பது கஷ்டம்.

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம். அறுபத்தொரு பேர் வந்திருந்தார்கள். பொருளாளர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். தேதி மாறியது, தான் போன் போட்டது, எண்ணைப் படித்துச் சொன்னது வரை எதையும் விடவில்லை. அப்படிச் சொல்லுவது லேசான காரியமில்லை. கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கையிலிருந்து போடுகிறவர் என்று பேர் வாங்கிய மனிதர்.

ஒருவர், "அட விடுங்க. ஜெராக்ஸ் கடையில இல்லாததா உங்ககிட்ட இருக்குது? இப்பத்தான் விவசாயி அடையாள எண்ணுக்கு அத்தனையும் பதிஞ்சு குடுத்தோம்" என்றார். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். அதோடு முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. பின்வரிசையில் இருந்த வாழைக்காரர் எழுந்தார். குழு ஆரம்பித்த காலத்தில் இருந்தே பொருளாளரோடு பேச்சு கொஞ்சம் குறைவானவர்.

"அரசாங்கத்துக்குக் குடுத்தது அரசாங்கத்துக்கு. அது வேற. குழுவுல சேர்றதுக்குன்னு கேட்டீங்க, குடுத்தோம். சேந்தாச்சு, கணக்கு ஆரம்பிச்சாச்சு, மிசினும் வாங்கியாச்சு. ஏழு வருசமா அத எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"ஒவ்வொரு தடவயும் உங்க வூட்டுக்கு நடக்கோணுமேன்னுதானுங்."

"நடங்க. நடந்தா என்ன?"

பொருளாளருக்குச் சுருக்கென்றது. கோபத்தில் கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. என்ன காரியத்துக்கு வாங்கினாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, காரியம் முடிந்தால் அழித்துவிடு. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வாழைக்காரர் அந்தச் சட்டத்தைப் படித்தவரில்லை.

அன்றைக்கே ஒரு வேலை ஆரம்பமானது. ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ செய்யலாம், கட்டணம் இல்லை. பூட்டிவிட்டால், யார் எந்த ரேகையைக் கொண்டுவந்து வைத்தாலும் கருவி ஏற்காது. நமக்கே தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். ஆனால் ஆதாரோடு சேர்ந்த செல் நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அங்கேதான் பாதிப் பேருக்குச் சிக்கல். ஆதார் எடுத்த காலத்தில் கொடுத்த நம்பர் இப்போது இல்லை. சிலருக்கு மகன் நம்பர், சிலருக்கு ஆதார் எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் நம்பர்! அவர்கள் கோபி போய் ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிட்டு வரவேண்டியிருந்தது. மழையில் மூன்று நடை ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார் பொருளாளர். வாடகை அவருடையது. குழுக் கணக்கில் எழுத மறுத்துவிட்டார்.

கைநாட்டு வைத்த பதின்மூன்று பேரில் ஆறு பேர் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள். அப்போது மாதம் 1,200 ரூபாய். பாங்க் முகவரிடம் விரல் வைத்துத்தான் எடுக்கிறார்கள். ரேகையைப் பூட்டினால் ஒவ்வொரு மாதமும் திறக்க வேண்டும். திறக்கச் செல்போன் வேண்டும், அதை இயக்க ஆள் வேண்டும். "பூட்ட வேண்டாஞ் சாமி, என்ற பணம் அப்பறம் எனக்கே வராமப் போயிரும்" என்றார் ஓர் ஆத்தா. அவர் சொன்னதும் நியாயம்தான். தினமும் புழங்குகிற கதவுக்குப் பத்துப் பூட்டு போட்டால் வீட்டுக்காரன்தான் வாசலில் நிற்பான். பூட்டச் சொல்வது சுலபம், அவர் நிலையில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த ஆறு பேருக்கும் பூட்டவில்லை. பணம் எடுத்த மறுநாள் பாஸ்புக் வரவு போட்டுப் பார்ப்பது, ரேகை எந்தெந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்று ஆதார் தளத்தில் தெரியும் பட்டியலை மாதம் ஒருமுறை பையன் பார்த்துச் சொல்வது என்று முடிவாயிற்று. இந்த மாசி வரை அவர்கள் கணக்கில் குறை எதுவும் தெரியவில்லை. எண் மாறாதது. ரேகையும் மாறாதது. அதனால் பார்ப்பதை நிறுத்தமுடியாது.

கம்ப்யூட்டருக்கு வருவோம். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திண்ணையில் வைத்துத் திறந்தான். பொத்தான் பேட்டரி மாற்றினான். விசிறியில் தூசி கெட்டியாகப் பஞ்சு போல அடைத்திருந்தது. பல்லி முட்டை இரண்டு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்தான். பிடிக்காமல் அடித்தால் விசிறி தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடும். ரேம் பட்டையைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் ஓரத்தைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்து மாட்டினான். சில நாள் காலையில் 'பீப், பீப்' என்று கத்திவிட்டுத் திரை வராமல் நின்றதெல்லாம் இதனால்தான். இந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ இந்தப் பழைய பெட்டி ஏற்காது, அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. புதுப் பெட்டி வாங்குவதென்றால் ஒரு மாட்டை விற்க வேண்டும். பையன் லினக்ஸ் மின்ட் போட்டான். அதற்குக் காசு கிடையாது. வாடகைக் கணக்கு அப்படியே திறந்தது. வானவில் எழுத்தில் தட்டிய பழைய தீர்மானங்கள் மட்டும் கிறுக்கலாக வந்தன. அந்த எழுத்துருவை ஏற்றியதும் அதுவும் சரியானது. பிரின்டர்தான் ஒரு மத்தியானத்தையே தின்றுவிட்டது.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடக் கடையில் கேட்டபோது, பழையதைக் கொடுத்தால் விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். நல்ல மனிதர்தான். பொருளாளர் கொடுக்கவில்லை. அழித்துவிட்டேன் என்று நாம் நினைக்கிற ஃபைல், டிஸ்க்கில் அதன் மேல் வேறு எழுதும் வரை கிடக்கும். மீட்டெடுக்கும் புரோகிராம்கள் ஏராளம். பொருளாளர் அந்த டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துவந்து, மோட்டார் ரூமில் வைத்து, டிரில்லிங் மிஷினால் நான்கு இடத்தில் துளை போட்டார். குழுவின் கணக்கு, தீர்மானம், உறுப்பினர் பட்டியல் மட்டும் புதிதில் இருக்கின்றன. இனி நகல் தேவைப்பட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் நகல்தான் வாங்குவது என்றும், எதற்கு என்று அதன் மேலேயே எழுதிவைப்பது என்றும், வேலை முடிந்ததும் ஆளிடமே திருப்பிக் கொடுப்பது என்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. முன்மொழிந்தவர் வாழைக்காரர்.

அலமாரியில் காகித நகல்கள் மிச்சம் இருந்தன. மாசியில் பொருளாளர் தோட்டத்தில் மஞ்சள் வேகவைக்கும் நாள் அன்று, அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, வந்திருந்த உறுப்பினர்கள் முன்னால் ஒவ்வொன்றாக பாய்லர் அடுப்பில் போட்டார்கள். சிலர் தங்களுடையதைத் தாங்களே வாங்கிப் போட்டார்கள். பையன் பேர் வாசித்தான்.

ஒரு பேர் வந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் அள்ளிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கையை உதறிவிட்டு எழுந்து வந்தார். அவர் வீட்டுக்காரர் பேர். குழுவில் நூறு பேரில் ஒருவராக இருந்து, கொரோனா வருடத்தில் போய்விட்டார். படிவத்தின் மூலையில் பாஸ்போர்ட் அளவில் போட்டோ ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம்.

"இது எங்கூட்டுல இல்லீங்களே" என்றார்.

பொருளாளர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். போட்டோவுக்குக் கீழே கைநாட்டு இருந்தது. பாக்கெட்டிலிருந்து சிறு கத்தியை எடுத்து, மூலையை மட்டும் நிதானமாக அறுத்துக் கொடுத்தார். மீதியை அந்த அம்மாவே அடுப்பில் போட்டுவிட்டு, போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு, மஞ்சள் அள்ளப் போனார்.